அத்தை எண்ணிக்கொண்டிருந்த மூன்று மாதம்

வியாழன், 6 செப்டம்பர் 2007. வால்டோர்ஃப்.

காலையிலிருந்து தூறல். துண்டுகள் காயவில்லை. ஈரத்தோடேயே மடித்து வைத்தாயிற்று.

வண்டி வந்துவிட்டது. வோன்மொபில். அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், நாலு பேர் படுக்க இடம், எல்லாம் ஒரே பெட்டிக்குள். டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. ஏணி வைத்து ஏற வேண்டும். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்துக்கூடப் பார்த்தார். அத்தை உள்ளே எட்டிப் பார்த்ததும் கேட்டது: "அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவுல ஒத்தக் கதவுதானா? நல்லாருக்கே."

எடுத்து வைத்தவை: அரிசி, பருப்பு, ரசப்பொடி, இட்லி மாவு (அத்தையின் பிடிவாதம்), குக்கர், மாமாவின் மாத்திரை டப்பா, மாமாவின் அளவு டேப், முருகன் படம், விளக்கு. விளக்கை வண்டிக்குள் ஏற்றக் கூடாது, கேஸ் இருக்கிறது என்றேன். "ஏத்தல, சும்மா கூட வரட்டும்" என்றார் அத்தை.

இந்தப் பயணமே மாமாவுக்காக. திண்டுக்கல்லில் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேங்க் காலண்டரில் ஒரு மரப்பாலத்தின் படம். மேலே வீடு மாதிரி கூரை. அதைப் பார்த்த அன்றிலிருந்து அதே பேச்சு. "பாலத்துக்கு ஓடு வேஞ்சிருக்கான் பாருடா! நேர்ல பாக்கணும்டா." சரி, ஊருக்குப் போவதற்குள் நாலு பாலம் பார்த்துவிடலாம் என்று பா. லீவு போட்டார். (பா. என்றால் பாஸ்கர், என் வீட்டுக்காரர். முழுப் பெயரை எழுதினால் கோபம் வருகிறது. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்த நோட்டு பத்திரம்.)

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது மண்டைப் பாரம் கொஞ்சம் இறங்கட்டும்.

ஆகஸ்டில் ஹைடல்பெர்க் டாக்டரம்மா சொன்னது. இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது. கருமுட்டைகள் தீர்ந்துவிட்டன. ஐம்பது வயதில் நிற்க வேண்டியது எனக்கு முப்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். சிலருக்கு இப்படியும் ஆகும். குழந்தை? அதற்கு இனி வாய்ப்பே இல்லை என்ற மாதிரிதான் என்று ஜெர்மனில் சொன்னார், பா.வுக்காக ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னார். எனக்கு இரண்டும் புரியும். இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டேன். ஹார்மோன் மாத்திரைகளை வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர் போனபிறகு தொடங்கலாம், அவசரமில்லை என்றார். அவசரமில்லை. அந்த வார்த்தைதான் எலும்பு வரை போயிற்று.

கதவுவரை வந்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்: அபூர்வமாகச் சிலருக்கு ஒன்றிரண்டு முறை மாதவிலக்கு திரும்ப வருவதுண்டு. வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், ஏதாவது முயன்று பார்க்கலாம். பா. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அத்தை. ஜூனில் அவர்கள் வந்து இறங்கிய வாரம் நான் வீட்டுக்குத் தூரமானேன். திண்டுக்கல் வழக்கப்படி சின்ன அறையில் மூன்று நாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அடுப்பு, சாமி படம் எதையும் தொடக்கூடாது. வால்டோர்ஃப் ஃபிளாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பா. மேல் அப்படி எரிச்சல் வந்தது. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் எரிச்சல் பட்டிருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் நான் ஒதுங்கி உட்காரவே இல்லை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் முடியுமுன் வாயைத் திறந்து சொன்னால் கண்பட்டுவிடும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். ஆகவே பேசாமல் செய்கிறார். நான் தூக்கிய பையைப் பிடுங்குகிறார். தினம் ஒரு மாதுளை உரித்துக் கிண்ணத்தில் வைக்கிறார். நான் நடந்தால் பின்னாலேயே நடக்கிறார். நாலு வருஷம் வாய்க்கு வாய் குத்திக்காட்டிய அதே அத்தை. கல்யாணமான புதிதில் இதில் பாதி அன்பு கிடைத்திருந்தால் நான் அவருக்கு அடிமையாக இருந்திருப்பேன்.

பா.விடம் சொன்னேன், உங்கள் அம்மா தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார், சொல்லிவிடுங்கள் என்று. "வர்ற வியாழக்கிழமை ஃபிளைட், சுதா. சந்தோஷமா போகட்டும். அப்புறம் போன்ல பக்குவமா நானே சொல்லிக்கறேன்."

பக்குவமாக. ஊறுகாயா இது.

படுக்கை ஏற்பாடு முடிவாகிவிட்டது. "அவ ஏணி ஏற வேணாம்" என்றார் அத்தை. எனவே அப்பாவும் பிள்ளையும் பரணில். நானும் அத்தையும் கீழே. அதாவது இந்தப் பயணம் முழுக்க நானும் என் புருஷனும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியாது. அவருக்கு இதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.


வெள்ளி, 7 செப். முர்க் ஆற்றுப் பக்கம்.

மேகம். மழை இல்லை. மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. பா. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டினார். பின்னால் வந்த கார்களெல்லாம் சாபம் கொடுத்திருக்கும்.

இட்லி மாவு பொங்கி அலமாரிக்குள் வழிந்துவிட்டது. ஜட்டி, சாக்ஸ், மாமாவின் டேப் எல்லாம் மாவு. நான் துடைக்கக் குனிந்தேன். "நீ குனியாத. உக்காரு. உக்காருன்னா உக்காரு." அறுபத்தி நாலு வயது அம்மாள் ஆடுகிற வண்டியில் முட்டியில் நின்று துடைக்கிறார், நான் கிண்ணத்து மாதுளையோடு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மாதுளையைத் தின்றேன், வேறென்ன செய்வது.

ஃபோர்பாஹ் என்ற ஊர். ஆற்றுக்கு மேலே பெரிய மரப்பாலம், கரியேறிய நிறம், ஓட்டுக்கூரை. தானியக் களஞ்சியம் ஒன்று ஆற்றைத் தாண்டப் போய் அப்படியே நின்றுவிட்டது மாதிரி. உள்ளே கார்கள் போகின்றன, எங்கள் வண்டிக்கு உயரம் அதிகம். ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போனோம்.

உள்ளே இருட்டு, மர வாசனை, கீழே தண்ணீர்ச் சத்தம். ஒரு கார் போகும்போது பலகை முழுக்க அதிர்கிறது. மாமா டேப்பை விரித்துவிட்டார். ஒரு முனையை பா. பிடிக்க, மறுமுனையை இழுத்துக்கொண்டு போனார். டேப்பில் மாவு.

"எதுக்கு மாமா கூரை? மழைக்கு ஒதுங்கவா?" என்றேன்.

"மனுசனுக்கு இல்லம்மா. மரத்துக்கு. நனஞ்சா மக்கிப்போகுமில்ல." அப்புறம் பா.வைப் பார்த்து: "ஆனா காண்ட்ராக்டர் பேரு எங்கயும் காணமேடா. கல்வெட்டு கூட இல்லாம ஒரு பாலமா?"

சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோயிருந்தது. மறந்ததை நினைத்த உடனே திரும்ப வந்துவிட்டது. காலையில் கண் விழிக்கும்போதும் இப்படித்தான். ஒரு நொடி நல்ல பெண்ணாக இருக்கிறேன், அப்புறம் ஞாபகம் வருகிறது.

மதியம் பீட்ஸா. சைவம் என்று கேட்டதற்குக் கடைக்காரன் அன்னாசிப்பழம் போட்டுக் கொடுத்தான். அத்தை என் தட்டை இழுத்து, அன்னாசித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாமா தட்டில் போட்டார். சீஸ் நூல் நூலாக இழுத்தது. பா. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார். அவர் காலை மிதித்தேன், பலமாக. "என்ன?" என்றார் கண்ணால். ஒன்றுமில்லை என்றேன் கண்ணால்.

மாலையில் அத்தை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். தைலப் புட்டியிடம் சொல்வது போல, என்னைப் பார்க்காமல்.

"ஊருக்குப் போனதும் பழனிக்கு நடக்கணும். நேந்திருக்கேன். நடந்து போயி முடி எறக்கிட்டு வர்றதா."

"இந்த முட்டியோடவா அத்தை? எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காத. கேட்டதக் குடுத்தா குடுக்க வேண்டியதக் குடுக்கணும்ல."

அவர் முடி இன்னும் இடுப்புவரை. பாதிக்கு மேல் நரை. தினமும் காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்வதில் அவ்வளவு அக்கறை. நான் எழுந்து கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வண்டியில் அழுவதற்கு அது ஒன்றுதான் இடம். அதிலும் சத்தம் வெளியே கேட்கும், குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ள வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் டேங்க் தீர்ந்துவிடும் என்று பா. வெளியிலிருந்து கத்துகிறார்.


சனி, 8 செப். கின்ஸிக் பள்ளத்தாக்கு, ஒரு கேம்பிங் மைதானம்.

வெயில். அதிசயம்.

காலையில் சின்னதாக ஒரு பாலம். ஊர் பெயர் மறந்துவிட்டது. வயலுக்கு நடுவே ஓடை, அதன் மேல் கூரை போட்டு நாலு எட்டில் முடிந்துவிடுகிற பாலம். மாமாவுக்குத் திருப்தியில்லை. "இது பாலமில்ல, மாட்டுத் தொழுவம்." இருந்தாலும் அளந்தார்.

பா. என்னைப் போட்டோ எடுத்தார். அத்தை சொன்னார்: "சைடுல நிக்கச் சொல்லி எடுடா." பா. சொன்னபடி செய்தார்! பக்கவாட்டில் நில் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நின்றேன். என் வயிறு தட்டையாகத்தான் இருக்கும் படத்தில். பின்னால் பார்த்து அழட்டும்.

ஒரு ஆளைக் கோபித்துக்கொள்வதற்குக்கூடத் தனிமை வேண்டியிருக்கிறது. பாத்திரம் கழுவும் இடத்தில் இரண்டு நிமிஷம் கிடைத்தது. "இன்னிக்குச் சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்."

"ப்ளீஸ் சுதா. அஞ்சு நாள்தான். அதுவுமில்லாம..." என்று இழுத்தார்.

"அதுவுமில்லாம என்ன?"

"டாக்டர் சொன்னாங்கள்ல. திரும்ப வந்தாலும் வரலாம்னு."

அதற்குள் அத்தை வந்து என் கையிலிருந்த குக்கரை வாங்கிக்கொண்டார்.

இந்த மனிதரிடம் நான் என்ன சொல்வது. தினமும் காலையில் பரணிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்க்கிறார், புருவத்தைத் தூக்குகிறார். வந்ததா? நான் தலையை ஆட்டுகிறேன். இல்லை. தலை உள்ளே போய்விடுகிறது. ஆமை மாதிரி. முதலில் பாவமாக இருந்தது. இப்போது ஏதாவது எடுத்து எறியலாம் போல இருக்கிறது. அவருக்கு நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் அது இல்லை. டாக்டரம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தவள் நான்.

பக்கத்து வண்டியில் ஒரு ஜெர்மன் அம்மாள், கூட ஒரு நாய். அத்தைக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனால் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தை இட்லி கொடுத்தார், அந்த அம்மாள் பிளம்ஸ் கேக் கொடுத்தார். முட்டை போட்டதா என்று தெரியாமல் அத்தை அதை மாமாவுக்குத் தள்ளிவிட்டார். மதியம் நான் துணி உலர்த்தும்போது அந்த அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஹெர்ஸ்லிஷன் க்ளுக்வுன்ஷ்!" என்றார். வாழ்த்துகள். முதல் குழந்தையா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அத்தை தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் வரைந்த கையை அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தார். மொழி தெரியாதவரிடம் சொன்னால் கண்படாது என்று கணக்கு போலிருக்கிறது.

"டாங்கே" என்றேன். நன்றி சொன்னேன். என்ன பெண் நான்!

படுத்துக்கொண்டேன், தலைவலி என்று. தூங்கவில்லை. வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் மாமாவும் அத்தையும். ஜன்னல் திறந்திருந்தது.

"நாளையோட மூணு மாசம் முடியுதுங்க."

"அதுக்கு?"

"அவ அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லணும். நாந்தான் சொல்லணும், அவ சொல்லக்கூடாது. நாளைக்கு நல்ல நேரம் பத்தரைக்கு மேல. அங்கன ஆத்து மேல பெரிய பாலமாம்ல, சாமி செலையெல்லாம் இருக்காம்ல. அங்கனயே வச்சுச் சொல்லிப்புடுறேன்."

"உனக்குப் பயமா இல்லியா? டாக்டர் சீட்டு கீட்டு எதும் பாத்தியா?"

"எதுக்குங்க சீட்டு? எங்கண்ணு முன்னாடிதான இருக்கா. ஒரு மாசங்கூட ஒதுங்கலியே."

அப்புறம் அத்தையின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அந்தம்மாவ நான் நெறையப் பேசிருக்கேங்க. மலட்டுப் பொண்ணக் கட்டிவச்சுட்டியேன்னு ஒருவாட்டி போன்லயே கேட்டுட்டேன். அதான் என் வாயாலயே சொல்லணும்."

எனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் சொல்லவே இல்லை.

விருதுநகரில் அம்மா தனியாக இருக்கிறாள். அப்பா போய் ஆறு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் போன். மழை பெய்ததா, என்ன குழம்பு, கடைசியில் மெதுவாக "விசேஷம் ஏதும் உண்டா?" இல்லை என்றதும் "சரி, உடம்பப் பாத்துக்க." அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும். நாளைக்கு அத்தை போன் செய்தால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அழுவாள், அண்டை வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுப்பாள். சுருங்கிப்போய் இருந்தவள் நிமிர்ந்து நடப்பாள். அப்புறம் பா. "பக்குவமாக" ஒருநாள் சொல்வார்.

அத்தைக்கு நேர்வதை நான் தாங்கிக்கொள்வேன். அம்மாவுக்கு இது நேரக் கூடாது.


ஞாயிறு, 9 செப். காலை. பாட் ஸாக்கிங்கன் போகும் வழி.

திரும்ப மழை. வைப்பர் கீச்கீச்சென்கிறது. எழுத்து ஆடுகிறது.

காலையில் எழுந்ததும் பார்த்தேன். இன்னமும் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. பா.வைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை.

பா.விடம் பேச முடியவில்லை. மாமா முன்சீட்டில் அவர் பக்கத்தில் வழி சொல்லிக்கொண்டு வருகிறார். இங்கே அத்தை என் எதிரில், மடியில் என் செல்போன். "ஒரு போன் பேசணும், குடு" என்று வாங்கி வைத்துக்கொண்டார். காலிங் கார்டைச் சுரண்டி வைத்திருக்கிறார். நல்ல புடவை. கொண்டையில் கேம்பிங் மைதானத்து டேலியாப் பூ ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடலாம். இனி இல்லை அத்தை, எப்போதுமே இல்லை. வாயைத் திறந்து இரண்டு தடவை மூடினேன். "என்னத்தா, வாந்தி வர்ற மாதிரி இருக்கா?" என்றார் ஆவலாக.

சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முகம் அப்படி ஆனது. பொய்யாகவும் விட முடியாது. போன் அவர் மடியில்.

பத்து மணி ஆகப்போகிறது.


அதே நாள், மதியத்துக்கு மேல். வண்டியின் முன்சீட்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ரைன் ஆற்றின் மேல் அவ்வளவு நீளப் பாலம். மறுகரை ஸ்விட்சர்லாந்து. மாமாவுக்கு டேப் போதவில்லை. பாதியில் நாடு மாறுகிறது. அவர்கள் விசா அதற்கு மேல் செல்லாது. மாமா ஒரு காலை மட்டும் அந்தப் பக்கம் வைத்துவிட்டு எடுத்தார். "ஃபாரின்லயே ஃபாரின் போயிட்டேன்டி!" கூரையில் மழை கொட்டியது, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பா. கூட வரவில்லை, கக்கூஸ் பெட்டியைக் கொட்டும் இடம் தேடிப் போயிருந்தார்.

மாடத்தில் ஒரு சாமியார் சிலை. அத்தை கொண்டையிலிருந்த பூவை எடுத்து அதன் காலடியில் வைத்தார். இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலம். கையில் செல்போன்.

"வாத்தா. வந்து கும்பிட்டுக்க. அப்பிடியே உங்கம்மாவுக்கு ஒரு சேதி சொல்லிருவோம்."

அவர் விரல் திருநீற்றோடு என் நெற்றிக்கு வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன்.

"நான் வரக்கூடாது அத்தை. வீட்டுக்குத் தூரம்."

அப்படி ஒரு பொய்யைச் சொல்லுவேன் என்று அந்த நொடி வரை எனக்கே தெரியாது. சொன்ன பிறகு அதுதான் சரி என்று பட்டது. இதை அவர் தாங்குவார். இந்த மாதம் போனால் அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறது அவருக்கு.

விரல் அங்கேயே நின்றது. திருநீறு பலகையில் உதிர்ந்தது.

"எப்ப?"

"காலைல."

"ரொம்பப் போகுதா? வலிக்குதா? டாக்டர்ட்டப் போவமா?"

"இல்ல அத்தை. நாள் தள்ளிப் போயிருந்துச்சு. அவ்வளவுதான்."

என்னைக் கட்டிக்கொள்ள வந்தார். இரண்டு கையும் வந்தது. பாதியில் வழக்கம் ஞாபகம் வந்து நின்றது. அப்படியே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மாமா டேப்பைச் சுருட்டினார், அது சிக்கிக்கொண்டது, திரும்ப விரித்துச் சுருட்டினார்.

"பரவால்ல" என்றார் அத்தை. "பரவால்லத்தா. இப்பிடி நின்னு வர்றது உண்டுதான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்." இன்னும் ஒரு முறை, கொஞ்சம் சத்தமாக, மழைக்கு மேலே. "அடுத்த மாசம்."

செல்போனை என் கையில் கொடுக்கவில்லை. கைப்பிடிக் கட்டைமேல் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்குத் திரும்பினோம். ஒதுங்கி உட்கார இந்த வண்டியில் இடம் ஏது? அடுப்பும் சாமியும் படுக்கையும் ஒரே பெட்டிக்குள். அத்தை யோசித்து முன்சீட்டை ஒதுக்கினார். பழைய துண்டை விரித்தார். சிங்க்குக்கு மேலே இருந்த முருகன் படத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பின்னால் கொண்டுபோனார். நடுவில் திரையை இழுத்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து, தயிர்சாதத் தட்டைப் படியில் வைத்தார். மாதுளை இல்லை. எனக்கு அந்த மாதுளை இல்லாததுதான் முதலில் கண்ணில் பட்டது.

திரைக்குப் பின்னால் அவர் அழுவது கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மாமா, தண்ணீர் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை.

இங்கே நான் ஒரு பழைய துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், எல்லோரையும் போல, மாதாமாதம் வரும் பெண்களைப் போல. தீட்டு என்று இவர்கள் சொல்லும் அது எனக்கு இப்போது உண்மையாகவே இருந்தால் இந்தக் கண்ணாடி முன்னால் விழுந்து கும்பிடுவேன். அது இல்லை. சுத்தமாக இருக்கிறேன், இனிமேல் எப்போதும் சுத்தமாகவே இருப்பேன். மூன்று நாள் நடிக்க வேண்டும். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அத்தை கையால் காபி வாங்கிக் குடிக்க வேண்டும். அப்புறம் அவர்கள் போய்விடுவார்கள். அத்தை இந்த முட்டியோடு எங்கும் நடக்க வேண்டாம், முடியை இறக்க வேண்டாம். அந்த அளவில் சரி.

பா.விடம் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. மறந்தே போனேன் அவரை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மழையில் தூரத்தில் வந்துகொண்டிருந்தார், காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு. அத்தை குடையோடு இறங்கி எதிரே போனார். ஏதோ சொன்னார், முன்சீட்டைக் கைகாட்டி. நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. பா. நின்றார். அப்புறம் கக்கூஸ் பெட்டியை நடுப்பாதையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். தேங்கிய தண்ணீரில் செருப்பு ஒன்று கழன்றது, நிற்கவில்லை.

கதவைத் திறந்தார். முகமெல்லாம் மழை. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை. கையில் ஏற்கெனவே போன், டாக்டரம்மாவின் நம்பர் திரையில்.

"நிஜமாவா சுதா? வந்துருச்சா?"

உலகத்திலேயே இந்தச் செய்திக்குச் சந்தோஷப்படக்கூடிய ஒரே மனிதர். என்னைத் தவிர.

தலையை ஆட்டினேன். இல்லை.

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மழை உள்ளே அடித்தது. போனின் வெளிச்சம் தானாக அணைந்தது. கையை நீட்டினார், என் தோளுக்கோ தலைக்கோ தெரியவில்லை. எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. ஒரு மாதமாக வேண்டியிருந்தது. வந்துவிடு, வந்துவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

பின்னாலிருந்து அத்தை, குடையோடு, மூச்சு வாங்க:

"டேய், தொடாதடா!"

அவர் தொடவில்லை.